ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள்

இணையவழிக் கருத்தாய்வை நடத்திய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு உங்கள் தளத்தில் என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அத்தைக்கு 76 வயது. மூத்தோர் வசதிகள் பற்றிய கேள்விகள் தமிழிலும் இருப்பதாகச் சொன்னதும், "நானே எழுதுறேன், நீ பக்கத்துல உட்காரு, போதும்" என்று திறன்பேசியை வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு பக்கங்களில் எட்டைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. சொந்த வார்த்தைகளில் எழுதச் சொல்லும் கட்டம் ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும் நடைபாதையில் கூரை நடுவே விட்டுப்போயிருப்பதையும், மழை நாளில் அந்தப் பத்தடியைக் கடக்கக் குடையைப் பிடிப்பதா கைத்தடியைப் பிடிப்பதா என்று தாம் நின்று யோசிப்பதையும் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி முடித்து, 'அடுத்து' என்பதை அழுத்தினார். சக்கரம் சுற்றியது. பிறகு தமிழ்ப் பக்கத்தின் நடுவே, அமர்வு காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மீண்டும் நுழைந்தால் முதல் பக்கம், முதல் கேள்வி.

"நான் ஏதும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார் அத்தை.

பதினெட்டு ஆண்டுகளாகத் தரவுத்தளங்களைப் பராமரித்துச் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில், அவர் எதையும் தவறாக அழுத்தவில்லை என்பதை இங்கே எழுத்தில் பதிந்துவைக்கிறேன். அன்று மாலை 7.30 மணிக்கு, 'இன்றே கடைசி' என்ற குறுஞ்செய்தியை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியவர்கள் நீங்கள். கூட்டத்தை நீங்களே அழைத்துவிட்டு, மறுநாள் 'எதிர்பாராத கூட்டம்' என்று விளக்கம் அளித்தீர்கள்.

ஒரு பேச்சுக்கு, 300,000 பேர் 14 நாள்களில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சராசரியாகப் பதினைந்து பேர்தான் வருவார்கள். அவர்களில் பத்தில் ஒருவர் கடைசி நாளின் ஒரே மணி நேரத்தில் வந்து சேர்ந்தால் நிமிடத்துக்கு 500 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு பக்கம் என்றால் நொடிக்கு 100 பதிவுகள். பதிலை வாங்கி உடனே வரிசையில் போட்டுவிட்டு, தரவுத்தளத்தில் ஆற அமர எழுதிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இது மலைக்க வேண்டிய எண்ணிக்கையே அல்ல. சராசரியை வைத்துச் சோதித்தவர்களுக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரம் எதிர்பாராதது. அவசரத்துக்குப் புதிய சர்வர்களை, அதாவது தளத்தை இயக்கும் கணினிகளை, கூட்டியிருப்பீர்கள். ஆனால் அத்தையின் பதில்கள் பழைய சர்வரின் நினைவகத்திலேயே கிடந்தால், புதிய சர்வருக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆகவே என் முதல் கோரிக்கை இது: ஒவ்வொரு பக்கத்தையும் பதில் வந்த அக்கணமே நிலையான இடத்தில் சேமியுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடர வழி விடுங்கள்.

இந்தப் பாடத்துக்கு வேறொரு நாடு முன்னரே விலை கொடுத்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் 9ஆம் தேதி, நாம் தேசிய தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அதே இரவில், ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம் மூடப்பட்டு, ஏறத்தாழ 40 மணி நேரம் திறக்கப்படவில்லை. போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதல்களும், இணையப் போக்குவரத்தை வழிநடத்தும் ரவுட்டர் ஒன்று செயலிழந்ததும் அதற்குக் காரணங்கள். 2021இல் அவர்கள் கணக்கெடுப்புக்கெனக் குறித்த இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம், கடிதம் கிடைத்ததுமே நிரப்பலாம் என்று மக்களிடம் சொன்னார்கள். கூட்டம் பல நாள்களுக்குப் பரவியது. குறுஞ்செய்தியை வட்டாரவாரியாகப் பிரித்து அனுப்ப உங்களுக்குக் கூடுதல் செலவு என்ன ஆகிவிடும்?

ஒன்பதாம் பக்கத்தின் அந்தக் கட்டத்துக்கு 300 எழுத்து வரம்பு வைத்திருந்தீர்கள். 'சிங்கப்பூர்' என்பது நமக்கு ஆறெழுத்து. உங்கள் மென்பொருள் புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி அதைப் பதினொன்றாக்கியது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அந்த ஒரு சொல்லுக்கு 33 பைட் இடம் வேண்டும் என்பதால், ஆங்கிலத்தை மனத்தில் வைத்து இடம் ஒதுக்கியவரின் கணக்கு அங்கேயும் பிசகியிருக்கும். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் பதிலளிக்கலாம் என்று சுவரொட்டியில் அச்சிடுவது எளிது; பிழைச்செய்தியை மொழிபெயர்க்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. போதாக்குறைக்குத் திங்கட்கிழமை காலை, கருத்தாய்வு அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு இன்னொரு கருத்தாய்வு வந்தது. அது ஒரே பக்கம், உடனே சேமித்துக்கொண்டது.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துச் சென்றுவிட்டது. நீங்கள் கருத்துக் கேட்பதையே குறை சொல்வதாக எண்ண வேண்டாம். கேட்டதால்தான் அத்தை எழுத முன்வந்தார். அடுத்த முறை நினைவூட்டலைப் பிரித்து அனுப்புங்கள். கடைசி மணி நேரத்தின் நெரிசலை வைத்துச் சோதியுங்கள். யாவற்றுக்கும் முன்பாக, பதில் வந்த அக்கணமே சேமியுங்கள். பாதியில் தடைபட்டவர்களுக்கு மட்டுமாவது ஒரு வாரம் தளத்தைத் திறந்துவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மறுபடியும் தட்டெழுத அத்தை மறுத்துவிட்டார். பக்கம் ஒன்பதை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் போதும், தபால்தலையை நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி ஒருவர்