82-வது நிமிடம்

லிவர்பூல்
21 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் லிவர்பூல் ஃபுட்பால் டீமுக்கு மேனேஜராக க்ளாப் நின்ற கடைசி மேட்ச் முடிந்ததும் உனக்கு மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. மெல்போர்னில் அப்போது விடியற்காலை மூன்று மணி. தூங்கியிருப்பான், விடுங்கள் என்றாள் அம்மா. நீ தூங்கியிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். போனில் என்றால் நீயும் நானும் வேலை எப்படி, குளிர் எப்படி என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி 26-ஆம் தேதி நீ கூப்பிட்டது இன்னும் காதில் இருக்கிறது. இங்கே மத்தியானம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தேன். "அப்பா, க்ளாப் போறாராம்ப்பா" என்றாய். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் உனக்குக் கோபம் வந்தது. 2026 வரை ஒப்பந்தம் இருக்கிறது, பாதியில் விட்டுவிட்டுப் போகிறார், இனிமேல் இந்த டீமை நான் பார்க்கப் போவதில்லை என்றாய். அன்றைக்கு உன்னிடம் பதில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வேலைக்குப் போனால் ஊரே துக்க வீடு மாதிரி இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், அறுபத்திரண்டு வயது, லாக்கர் முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விலகுவதாக யூர்கன் க்ளாப் பேசிய அந்த வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இது இரண்டாவது தடவை என்றார். 1974 ஜூலை 12, லிவர்பூலின் அந்தக் கால மேனேஜர் பில் ஷாங்க்லி ராஜினாமா செய்த நாள். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. தெருவில் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டிச் செய்தியைச் சொன்னபோது ஜனங்கள் நம்பவே மறுத்தார்களாம். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்றார்களாம். இரண்டாம் டிவிஷனில் கிடந்த டீமை 1959-இல் கையில் எடுத்து, பதினைந்து வருஷத்தில் இந்த ஊரின் பெருமையாக ஆக்கிவிட்டு, அந்த மனிதர் திடீரென்று போதும் என்றுவிட்டார்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். 2015 நவம்பர் 8 உனக்கு நினைவிருக்கிறதா? க்ரிஸ்டல் பேலஸ் மேட்ச். க்ளாப் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. உனக்குப் பதினாறு வயது. நீ எத்தனை நாள் கெஞ்சியபிறகு உன்னை நம் டீமின் மைதானமான ஆன்ஃபீல்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்! 82-வது நிமிடத்தில் அவர்கள் இரண்டாவது கோலைப் போட்டார்கள். உடனே நான் எழுந்துவிட்டேன். இரவு ஷிஃப்ட், கூட்டம் கிளம்புவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீ வரமாட்டேன் என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டாய். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நாம் மட்டுமில்லை, வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். மேட்ச் முடிந்து க்ளாப் பேட்டியில் சொன்னார்: 82-வது நிமிடத்தில் கோல் விழுந்ததும் நிறைய பேர் வெளியேறுவதைப் பார்த்தேன், அந்த நேரத்தில் தனியாக நிற்பது போல இருந்தது என்று. நீ அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாய். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மாதம் வெஸ்ட் ப்ராம் மேட்ச். அன்றைக்கு நான் வேலையில் நாள் மாற்றி வாங்கிக்கொண்டு வந்தேன், கடைசி வரை இருக்க வேண்டும் என்பதற்காகவே. 2-1 என்று பின்தங்கியிருந்தோம். 96-வது நிமிடம், நம் ஒரிகி தூரத்திலிருந்து அடித்த பந்து எதிராளி மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனது. நீ என் தோளைப் பிடித்து உலுக்கியதில் என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அதற்கப்புறம்தான் விஷயமே. க்ளாப் டீம் முழுவதையும் நம் தீவிர ரசிகர்கள் கூடும் காப் ஸ்டாண்ட் முன்னால் கைகோத்து நிற்க வைத்தார். வெளியே எல்லோரும் சிரித்தார்கள். சொந்த மைதானத்தில் ஒரு டிரா, அதற்கு இந்தக் கொண்டாட்டமா என்று எழுதினார்கள். எனக்கு அது கொண்டாட்டமாகத் தெரியவில்லை. கடைசிவரை இருந்தீர்களே, நன்றி என்று அவர் சொன்னதாகத்தான் தோன்றியது. நான் ஃபுட்பால் ரசிகன் ஆனது அன்றைக்குத்தான், கப்புகளைப் பார்த்து இல்லை.

அப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பார்சிலோனாவிடம் 3-0 தோற்று வந்து, இங்கே 4-0 என்று திருப்பிக் கொடுத்த 2019 மே 7. அதே மாதம் 97 பாயிண்ட் எடுத்தும் ஒரே ஒரு பாயிண்டில் லீக் கை நழுவியது. ஜூன் முதல் தேதி மாட்ரிடில் ஐரோப்பியக் கோப்பை. அடுத்த வருஷம், முப்பது வருஷக் காத்திருப்புக்குப் பிறகு, 99 பாயிண்டோடு லீக். கொரோனாவால் அந்தக் கோப்பையை ஆளில்லாத ஸ்டேடியத்தில் தூக்கினார்கள். நீ டிவியைத் தொட்டுக்கொண்டு அழுதாய்.

ஆனால் எனக்கு க்ளாப் நெருக்கமானது 2021 பிப்ரவரியில்தான். உன் பாட்டி போய்ச் சில வாரம் ஆகியிருந்தது. விமானம் இல்லை. காரியத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று கைபேசியில் பார்த்தேன், நெட் விட்டுவிட்டு வந்தது. இதை உன்னிடம் நான் பேசியதில்லை. அப்போதுதான் செய்தி வந்தது, க்ளாபின் அம்மா ஜெர்மனியில் இறந்துவிட்டார், பயணத் தடையால் அவராலும் போக முடியவில்லை என்று. டீம் சொந்த மைதானத்தில் தொடர்ந்து லீக் மேட்ச்கள் தோற்றுக்கொண்டிருந்த சமயம் அது, மொத்தம் ஆறு. அந்த மனிதர் ஒவ்வொரு வாரமும் வந்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கோட்டருகே நின்றார். நானும் ஒவ்வொரு ராத்திரியும் வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது?

அதனால்தான், எனக்குச் சக்தி தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஜனவரியில் அவர் சொன்னபோது நீ கேட்டது வேறு, நான் கேட்டது வேறு என்று இப்போது தோன்றுகிறது. உனக்கு அவர் பாதியில் எழுந்து போகிறவராகத் தெரிந்தார். தம்பி, பாதியில் எழுந்து போகிறவன் எப்படிப் போவான் என்று எனக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். பஸ்ஸைப் பார்ப்பான். இவர் நாலு மாதம் முன்னாலேயே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் ஒவ்வொரு மேட்சுக்கும் வந்து நின்றார். பிப்ரவரியில் பாதி டீம் காயத்தில் கிடக்க, சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு வெம்பிளியில் லீக் கப் ஃபைனலில் செல்சியை ஜெயித்தார். 118-வது நிமிடத்தில் நம் கேப்டன் வான் டைக் தலையால் முட்டிய கோல்.

முன்கூட்டியே சொன்னதால்தான் ஏப்ரலில் டீம் சரிந்தது என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். அடலாண்டாவிடம் 3-0, மறுபடி அதே க்ரிஸ்டல் பேலஸிடம் 1-0, எவர்ட்டனிடம் 2-0. லீக் போய்விட்டது, மூன்றாவது இடம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் சொல்லாமல் வைத்திருந்து, மே மாதம் ஒரு அறிக்கையோடு போயிருந்தால் இந்த ஊர் தாங்கியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் டிக்கெட் இல்லை. இருந்தாலும் போனேன். ஷாங்க்லி சிலைக்குக் கீழே போய் நின்றேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்குமே, அதேதான். கீழே கல்லில் 'அவர் மக்களை மகிழ்வித்தார்' என்று பொறித்திருக்கும். ஒரு பாட்டி, என்னைவிட வயதானவர், பழைய கம்பளி ஸ்கார்ஃப் ஒன்றைச் சிலையின் காலடியில் வைத்துவிட்டு, அது சுருங்காமல் நாலு மூலையையும் நீவி நீவி விட்டார். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மேட்சை நான் காதால்தான் பார்த்தேன். உள்ளே சத்தம் முதலில் எழும்பும். சுவர் வழியாக அது நெஞ்சில் வந்து அடிக்கும். போனில் வரும் வர்ணனை அரை நிமிஷம் பின்தங்கி, அந்த ஆள் அப்போதுதான் பந்து நடுவில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பான். நாங்கள் வெளியே நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, யார் போட்டது என்று தெரியாமலே கட்டிப்பிடித்துக்கொள்வோம். முதலில் மக்காலிஸ்டர், அடுத்த ஆறு நிமிஷத்தில் குவான்சா. வுல்வ்ஸ் மேட்ச் 2-0. க்ளாப் வந்து சேர்ந்த வருஷம் அந்தக் குவான்சா நம் அகாடமியில் பன்னிரண்டு வயதுப் பையன்.

ஒருவர்கூட வெளியே வரவில்லை, தம்பி. 82-வது நிமிடம் ஆனபோது கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்ச் முடிந்தும் ஒருவரும் வரவில்லை.

க்ளாப் விடைபெற்றுப் பேசிய பேச்சை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். நீயும் பார்த்திருப்பாய். சந்தேகப்பட்டவர்களை நம்புகிறவர்களாக நான் மாற்றியதாகச் சொல்கிறார்கள், அது நான் இல்லை, நம்பியது நீங்கள்தான் என்றார். புது மேனேஜரையும் என்னை வரவேற்ற மாதிரியே வரவேற்க வேண்டும் என்றார். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்குப் பாடும் கூட்டத்தை நிறுத்தி, ஆர்னே ஸ்லாட்டின் பெயரை அவரே பாடினார். தன்னுடைய இடத்துக்கு வரப்போகிறவனின் பெயரை! கிளப் அதை முறைப்படி அறிவித்ததே மறுநாள்தான்.

ஷாங்க்லி பாவம், அப்படி விட்டுப் போக முடியாமல் தவித்தார். ராஜினாமா செய்தபிறகும் பயிற்சி மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்தாராம். வீரர்கள் பழக்கத்தில் அவரையே 'பாஸ்' என்று கூப்பிட, புதிதாகப் பொறுப்பேற்ற பாப் பெய்ஸ்லி பக்கத்தில் சங்கடத்தோடு நின்றிருக்கிறார். அந்தப் பெய்ஸ்லிதான் அப்புறம் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கோப்பை ஜெயித்தது. பெரியவர் இதைச் சொல்லும்போது ஷாங்க்லியைக் குறைத்துச் சொல்லவில்லை. போவதற்கு யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை என்றார்.

அந்த வார்த்தை எனக்கு வேறு எங்கோ போய்க் குத்தியது. 2022 செப்டம்பரில் நீ கிளம்பிய நாள். மான்செஸ்டர் ஏர்போர்ட் வாசலில் உன்னையும் அம்மாவையும் இறக்கிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் காரை எடுத்துவிட்டேன். அன்று எனக்கு ஷிஃப்ட் இல்லை. உள்ளே வந்து, நீ தடுப்பைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மோட்டார்வே ஓரத்து சர்வீஸில் காரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்னாலும், நீ மெல்போர்ன் வேலையைச் சொன்னபோது, நல்லது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போகிறவனுக்குச் சந்தோஷமாக வழிவிட முடியும் என்று அறுபதாயிரம் பேர் ஞாயிற்றுக்கிழமை காட்டினார்கள். அழுதுகொண்டேதான் காட்டினார்கள். எனக்கு அன்று அது வரவில்லை. நீ போனது சரி, தம்பி. நீ அங்கே நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. அங்கே உனக்குச் சோர்வாக இருந்தால், எனக்கு முடியவில்லை என்று எங்களிடம் சொல்லு. என்னை மாதிரி மாடிப்படியில் நின்று முடித்துக்கொள்ளாதே.

உன் சிவப்பு ஸ்கார்ஃபை அலமாரியிலிருந்து எடுத்து அம்மா துவைத்து வைத்திருக்கிறாள். வெஸ்ட் ப்ராம் மேட்சுக்குப் போட்டிருந்தாயே, அதுதான். இந்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். ஆகஸ்டில் புது சீசன். அந்த ஸ்லாட் எப்படி விளையாட வைக்கிறார் என்று எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது. முதல் மேட்சுக்கு உனக்கு எத்தனை மணியானாலும் கூப்பிடுகிறேன், எடு. அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், விசில் ஊதும்வரை நானே லைனில் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா