ஐப்பசி பிறக்கும் முன் ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒரு வெள்ள ஏற்பாடு வேண்டி மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சேரன்மகாதேவி வட்டம், தாமிரபரணித் தென்கரை ஊர்ப் பொதுமக்கள்
(கையெழுத்திட்டவர்களின் பெயரும் முகவரியும் பின்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: புயல், பெருமழைக் காலத்தில் எச்சரிக்கை, மீட்பு, நிவாரணப் பணிகளை ஊர் அளவில் ஒருங்கிணைக்கும் ஏற்பாட்டை வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். விடிகாலையில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கேட்டது. அன்று நள்ளிரவில் எங்கள் கீழத்தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இருபது மணி நேரம் இருந்தது. அந்த நேரம் எங்கள் கையிலும் பயன்படவில்லை, அலுவலர்கள் கையிலும் பயன்படவில்லை. அது இன்னொரு முறை நடக்கக் கூடாது என்றுதான் இந்த மனுவை எழுதுகிறோம்.

அன்றைய மழை சாதாரண மழை இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். குமரிக்கடல் பக்கம் நின்ற வளிமண்டலச் சுழற்சி ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, நம் மாவட்டத்து மூலைக்கரைப்பட்டியில் 61, மாஞ்சோலையில் 55 என்று கொட்டித் தீர்த்தது. புயல் என்று பெயர்கூட வைக்கப்படாத மழை அது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. மாநிலத்தின் மீட்பு ஆட்களும் படகுகளும் வடக்கே போயிருந்த நேரம். தேசியப் பேரிடர் மீட்புப் படைப்பிரிவின் தலைமையிடம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து நெல்லை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இரவில் எல்லாம் சரியாக நடந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து வந்த அரசு ஊழியர்களை எங்கள் கண்ணால் பார்த்தோம். அவர்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

எங்கள் குறை வேறு. உதவி இல்லாமல் போகவில்லை, வந்தது. வந்த உதவியைச் சேர்த்துக் கட்ட ஒரு கை இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஞாயிறு மாலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள்' என்று மெயின் ரோட்டில் இரண்டு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி இருக்கும் கீழத்தெருவுக்கும் காலனிக்கும் அது வரவே இல்லை. கேட்டவர்களுக்கும் பாதுகாப்பான இடம் எது என்று தெரியாது. ஊரில் மேடான கட்டடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அதன் சாவி ஊரில் இல்லை. பூட்டை உடைக்கலாமா, உடைத்தால் வழக்கு வருமா என்று பேசிக்கொண்டிருந்ததிலேயே ஒரு மணி நேரம் போனது. கடைசியில் உடைத்தோம். நடக்க முடியாத ஓர் ஆச்சியைக் கயிற்றுக்கட்டிலோடு நான்கு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடுகளைத் தொழுவில் கட்டிப் போட்டுவிட்டு வந்தவர்கள் பலர். தண்ணீர் இந்த அளவுக்கு ஏறும் என்று நினைக்கவில்லை. அந்த மாடுகளைப் பற்றி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. சிறிது நேரத்தில் செல்போன் டவரும் போனது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட முடியவில்லை.

மறுநாள் மதியம் கடற்கரை ஊர்க்காரர்கள் இரண்டு லாரியில் நாட்டுப்படகு ஏற்றி வந்தார்கள். தாங்களாகவே வந்தவர்கள். எந்த ஊருக்குப் போவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நெடுஞ்சாலையோரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார்கள். அதே நேரத்தில் மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் காலனி ஆட்கள் மொட்டைமாடியில் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படகுக்காரர்கள் பின்னால் இதைச் சொல்லி வருத்தப்பட்டபோது எங்களுக்குத் தொண்டை அடைத்தது. செவ்வாய்க்கிழமை சாப்பாடு வந்தது. நான்கு பக்கத்திலிருந்தும் வந்தது. எல்லாம் மெயின் ரோட்டிலேயே இறங்கியது. அங்கே சாம்பார் சாதப் பொட்டலம் கெட்டுப்போய்க் குழியில் கொட்டினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் இல்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. அதே நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சென்னை ரயிலில் வந்த சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது நாட்டுக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டு, கடைசி ஆளை மீட்க டிசம்பர் 19 ஆகிவிட்டது. இடம் தெரிந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், இடமே தெரியாத எங்கள் காலனிக்கு என்ன ஆகும்?

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை எச்சரிக்கையைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அணை நீர்மட்டத்தை அடியிலும், திறக்கும் தண்ணீரைக் கன அடியிலும் சொல்கிறார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறந்தால் எங்கள் தெருவில் எந்த வீடு வரை தண்ணீர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் படித்துறையில் பதினெட்டுப் படி. ஏழாவது படியைத் தண்ணீர் தொட்டால் வாய்க்கால் எதிர்த்து ஏறும் என்று எங்கள் ஆச்சிமார்களுக்குத் தெரியும். பிள்ளையார் மேடை மூழ்கினால் கீழத்தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்றும் தெரியும். நெல்லைக்காரர்கள் குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்று கேட்டே வெள்ளத்தை அளக்கிறார்கள் அல்லவா, அது போல ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அளவு இருக்கிறது. 'முப்பதாயிரம் கன அடி' என்றால் கீழத்தெருக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போவார். 'இன்றைக்கு ராத்திரி பிள்ளையார் மேடை மூழ்கும்' என்றால் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நீர்வளத்துறையிடம் அணைக்கட்டு வாரியாக அளவுகள் இருக்கின்றன. எங்களுக்கு மேலே கன்னடியன் அணைக்கட்டு இருக்கிறது. அங்கே இத்தனை அடி என்றால் எங்கள் படித்துறையில் எத்தனையாவது படி, எத்தனை மணி நேரத்தில் என்று ஒரு கணக்கைப் போட்டு, படித்துறைச் சுவரிலேயே பெயிண்டில் கோடு போட்டுத் தர வேண்டும். 1992 நவம்பர் வெள்ளத்தின் கோடும் 2023 கோடும் அதே சுவரில் இருக்கட்டும். முன்னது எதுவரை வந்தது என்று காட்ட ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அணையில் திறக்கும் தண்ணீர் மட்டும் கணக்கு இல்லை. எங்களுக்கு மேலே மணிமுத்தாறு வந்து சேர்கிறது, திருப்புடைமருதூரில் கடனாநதி வந்து சேர்கிறது, அணைக்குக் கீழே பெய்கிற மழையும் ஓடைகள் வழியாக ஆற்றுக்குத்தான் வருகிறது. எங்கேயாவது ஒரு குளம் உடைந்தால் அதுவும் சேரும். அணை திறக்கவில்லை, பயப்பட வேண்டாம் என்ற தகவலை நம்பி அன்று பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதனால் மடை பார்க்கிறவர்கள், குளத்துக் கரையோரத்து விவசாயிகள் எல்லோரும் கரையில் கசிவைக் கண்டால் உடனே சொல்ல ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு எண் வேண்டும். அவர்கள் சொன்ன தகவல் கீழே இருக்கும் ஊர்களுக்கு அன்றே வந்து சேர வேண்டும். செல்போன் எச்சரிக்கை நல்லதுதான்; டவர் போனபின் அது பயன்படாது. ஒவ்வொரு ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. அதற்கு ஒரு பேட்டரியும், காவல் நிலையத்தோடு பேச ஒரு வயர்லெஸ் கருவியும் கொடுத்தால் எங்கள் ஊர் இருட்டிலும் விழித்திருக்கும்.

இரண்டாவது கோரிக்கை, யார் பொறுப்பு என்பது. ஊருக்கு ஒரு தாள் போதும். பள்ளிச் சாவி யாரிடம், டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், நீச்சல் தெரிந்தவர்கள் யார், நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில், நிறைமாதக் கர்ப்பிணி யார், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அங்கன்வாடி அக்காவும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒரு நாள் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். நோயாளிகள் விவரம் அவர்களிடமே இருக்கட்டும். மற்றதை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டலாம். அலுவலர் வந்து சேர முடியாத நேரத்தில் பூட்டை உடைக்கவும், ரேஷன் கடை அரிசியை எடுத்துச் சமைக்கவும் ஊரில் யாருக்கு அதிகாரம் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். அன்று எங்களைத் தாமதப்படுத்தியது தண்ணீரை விடவும் இந்தத் தயக்கம்தான்.

மூன்றாவது, படகு. உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தங்குழி என்று நம் மாவட்டக் கரையிலேயே கடலை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மழைக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். எந்த ஊர்ப் படகு எந்த வட்டத்துக்கு, எந்த லாரியில், நெடுஞ்சாலை அறுந்தால் எந்த வழியில், வந்து இறங்கியதும் யாரிடம் என்பதெல்லாம் முடிவாகி இருக்க வேண்டும். ஆற்று வெள்ளத்தின் இழுப்பு கடல் அலை போன்றது இல்லை. மின்கம்பி, முள்வேலி, கிணறு எங்கே என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அதனால் படகுக்கு ஓர் உள்ளூர்ப் பையன் கூட ஏற வேண்டும். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு வாகனங்களைப் பணிக்கு எடுத்துக்கொள்ள அதிகாரம் தருகிறது. 66ஆம் பிரிவு அதற்கு இழப்பீடு தரச் சொல்கிறது. படகு உடைந்தால் அந்தக் குடும்பத்தின் சோறு போய்விடும். டீசலும் கூலியும் இழப்பீடும் முன்கூட்டியே உறுதியாகட்டும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது பக்கத்துக் குமரி மாவட்டக் கரை மக்கள் கடலுக்குப் போனவர்களைத் தேடித் தவித்தார்கள். கடலும் ஆறும் ஒரே நாளில் பொங்கினால் நம் கரைக்காரர்களும் வர முடியாது என்பதையும் நினைத்து, ஆற்றங்கரையிலேயே வட்டத்துக்குச் சில ரப்பர் படகுகளை நிரந்தரமாக வைக்கக் கோருகிறோம்.

நிவாரணப் பொருளுக்கு ஊராட்சிக்கு ஒரே வாசல் இருந்தால் போதும். வருகிற வண்டி எல்லாம் அங்கே பதிந்து, எந்தத் தெருவுக்கு என்ன போனது என்று கரும்பலகையில் எழுதட்டும். முதலில் காலனிக்கு, பிறகு மெயின் ரோட்டுக்கு. பயிர், வீடு, கால்நடைக் கணக்கெடுப்பை வருவாய், வேளாண்மை, கால்நடைத் துறைகள் ஒரே நாளில் சேர்ந்து வந்து எடுத்தால் நாங்கள் வாழையை அழுகவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டியிருக்காது.

இன்னொரு வேண்டுகோளை மிகுந்த மரியாதையோடு வைக்கிறோம். கொக்கிரகுளம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. 2023இல் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. மாவட்டம் முழுவதையும் காக்க வேண்டிய கட்டுப்பாட்டு அறை தண்ணீரைப் பார்த்துப் பயப்படும் இடத்தில் இருக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் அரசு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரே ஹைகிரவுண்ட். அந்த மேட்டுப் பகுதியில் ஒரு மாற்றுக் கட்டுப்பாட்டு அறை, தனி மின்சாரத்தோடு, எல்லாத் துறை ஆட்களும் ஒரே மேசையில் உட்காரும்படி அமைய வேண்டும்.

முடியுமா என்று தோன்றலாம். 1999 சூப்பர் புயலில் ஒடிசாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதே ஒடிசா 2019இல் ஃபானி புயலுக்கு முன் சுமார் 12 லட்சம் மக்களை இடம் மாற்றியது. இடைப்பட்ட இருபது வருடத்தில் அவர்கள் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள், ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள், ஒத்திகை பார்த்தார்கள். நம்மிடம் ஆறும் சிறியது, ஊரும் குறைவு. 2024 டிசம்பரிலும் தாமிரபரணி பெருகிக் காட்டிவிட்டது. அடுத்ததற்கு எத்தனை வருடம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒத்திகை நடத்த நாள் குறித்துத் தரும்படி வேண்டுகிறோம். பகலில் வேண்டாம், ராத்திரியில், கரண்டை நிறுத்திவிட்டு நடத்த வேண்டும். ஆட்டோ கீழத்தெருவுக்குள் வந்து, காலனியைச் சுற்றிவிட்டுத் திரும்பட்டும். பள்ளிக்கூடத்தைத் திறக்க நாங்கள் சாவியோடு நிற்கிறோம். படித்துறைக்குப் பெயிண்ட் செலவை ஊரே ஏற்றுக்கொள்ளும். கோடு எங்கே போடுவது என்று சொல்ல ஒரு பொறியாளரை மட்டும் அனுப்பித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்