மிச்சம் நாலு மாத்திரை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய்: "சளிதாம்மா. போன தடவை வாங்கின ஆன்டிபயாடிக் ஆறு மிச்சம் இருந்தது, ரெண்டு போட்டுக்கிட்டேன்." அப்போதே வாயைத் திறந்திருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸிடம் ஆன்டிபயாடிக்கின் ஜம்பம் பலிக்காது. நீ போட்ட ரெண்டும் உன் குடலில் சும்மா கிடந்த பாக்டீரியாக்களைத்தான் அடித்திருக்கும். அதில் தாக்குப்பிடித்தவை பெருகும். தோதான இடம் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிற ஜாதியும் உண்டு. மருந்தைத் தாங்கும் வித்தையை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

லேபில் இத்தனை வருஷம் நான் பார்த்தது, நோயாளியிடம் எடுத்த கிருமியை வளர்க்கிற கல்ச்சர் தட்டுகளைத்தான். ஓர் இரவு இன்குபேட்டரில் வைத்து எடுத்தால், தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும். நடுநடுவே மருந்து ஊறிய குட்டிக் காகித வில்லைகள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருக்கும். அதை மில்லிமீட்டரில் அளப்பேன். சில நாள் ஒரே ஒரு வில்லைக்குத்தான் வட்டம் இருக்கும். மற்றதில் எல்லாம் விளிம்பு வரை ஒட்டி வளர்ந்திருக்கும். மருந்து கேட்காது என்பதற்கு 'ஆர்' என்று எழுதுவோம். 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று எழுதிக்கொண்டே போகும்போது, மேலே இருக்கிற நோயாளியின் பெயரைப் பார்க்க மனசு வராது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-லேயே, நோபல் உரையில், அளவு குறைத்துப் போட்டால் கிருமி பழகிவிடும் என்று எச்சரித்தார். யார் கேட்டோம்? 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. நீ சின்னவளாக இருந்தபோது காய்ச்சல் விட்டதும் சிரப்பை நானே நிறுத்தி, பாட்டிலை அடுத்த தடவைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். லேபில் வேலை பார்த்தவள்! இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

சரி, மிச்சம் நாலையும் தோழிக்குக் கொடுத்துவிடாதே. மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று கேள். சளி மஞ்சளாகிவிட்டது என்று டாக்டரிடம் ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்காதே. நிறத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே போய்க் காட்டு. அவர் எழுதிக்கொடுத்தால் சொன்ன அளவு, சொன்ன நாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். சளி எப்படி என்று அப்புறம் கேட்பேன், முதலில் அந்த நாலு மாத்திரை.

அம்மா