அப்பாவுக்குக் கொடுத்த சான்று தங்கைக்கு ஏன் இல்லை?

சாதிச் சான்று வழங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழவந்திப் பக்கத்து ஊர்க்காரன் நான். மலையாளி என்ற பழங்குடி நாங்கள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்ட அளவில்தான் வாங்க வேண்டும். அதற்காகக் கொண்டை ஊசி வளைவு இருபதும் இறங்கிச் சேலம் வருகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். அதைப் பொறுத்துக்கொண்டோம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் தங்கையை நான்காவது முறையாக விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். "மலையாளின்னா கேரளாவா?" என்பது முதல் கேள்வி. இல்லை சார், மலையில் வாழ்கிறவர்கள், எங்கள் பேச்சு தமிழ்தான் என்றாள். தாத்தாவின் பத்திரத்தில் கவுண்டர் என்று இருக்கிறதே என்றார்கள். எங்கள் மலையில் அப்படிப் போட்டுக்கொள்வது வழக்கம் என்று இந்த மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாதா? அப்புறம் ஒருவர், "உங்க வீட்ல சாவு விழுந்தா என்னென்ன செய்வீங்க, சொல்லு" என்றார். தாத்தா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேறு வேலையாக வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, அவரைக் குளிப்பாட்டியதிலிருந்து அடக்கம் செய்தது வரை அழுதுகொண்டே சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பார்த்தா பழங்குடி மாதிரி இல்லையே" என்றார். அவள் போட்டிருந்தது, இந்த விசாரணைக்கென்றே அம்மா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்த சுடிதார்.

அவளோடு படித்த டவுன் பெண் ஒருத்தி இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தன் சாதிச் சான்றை வாங்கிவிட்டாள். அவளிடம் யாரும் சாவுச் சடங்கைக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. எங்களிடமும் கேட்காதீர்கள்.

போலிச் சான்று காட்டி எங்கள் இடத்தைப் பிடிப்பவர்கள் உண்டு, சோதிப்பது உங்கள் கடமை, சரி. ஆனால் அப்பாவிடம் இருக்கும் மலையாளி சான்று அரசு கொடுத்தது. சந்தேகம் இருந்தால் உங்கள் பதிவேட்டைப் பாருங்கள். அது உண்மை என்றால் அதை வைத்தே பிள்ளைக்குக் கொடுங்கள்.

வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவருவதற்கு முன்பிருந்தே இந்த மலையில் இருக்கிறோம். இன்று அந்தக் காப்பித் தோட்டங்களில் கூலிக்கு நிற்கிறோம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இரண்டுதான், அதில் ஒன்று ஏற்காடு. ஓட்டுக் கேட்டு வருகிறபோது நாங்கள் பழங்குடியா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. எங்கள் பிள்ளை கல்லூரிக்குக் கிளம்பும்போதுதான் அந்தச் சந்தேகம் வருகிறது. எத்தனை தலைமுறை இப்படியே நாங்கள் யாரென்று சொல்லிக்கொண்டு நிற்பது?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். அப்பாவின் சான்றை ஏற்று என் தங்கைக்குச் சான்று கொடுங்கள். கல்லூரியில் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை முதல் பேருந்தில் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காடு மலையிலிருந்து ஓர் அண்ணன்