ஒ வேறு, ஓ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் கிரேக்கச் சொற்கள் பற்றி வந்த கட்டுரையில், 'நீதியுள்ள', 'நீதியாய்' என்ற இரண்டுக்கும் ஒரே மாதிரி 'டிகாயோஸ்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். முதலாவது டிகையொஸ், குறில். அடுத்தது டிகையோஸ், நெடில். குறில் ஆளின் குணத்தைச் சொல்லும். நெடில் செயல் நடந்த விதத்தைச் சொல்லும். இந்தக் குறிலுக்கும் நெடிலுக்கும் கிரேக்கத்தில் தனித்தனி எழுத்துகள் உண்டு. கொரோனா காலத்தில் பெயர் கேட்ட ஒமிக்ரானுக்குச் 'சின்ன ஒ' என்றும், ஒமேகாவுக்குப் 'பெரிய ஓ' என்றும்தான் பொருள். அந்த இரண்டும் நம் நெடுங்கணக்கிலேயே இருக்கின்றனவே!

இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு எழுதக் காரணம் வேதாகமத்தில் லூக்கா 23ஆம் அதிகாரம். சிலுவையில் தொங்கும் குற்றவாளி தன் கூட்டாளியிடம் பேசுவது 41ஆம் வசனம். கிரேக்கத்தில் அந்த வசனத்தின் முதல் தொடர் 'நாமோ நியாயமாய் (டிகையோஸ்)' என்பதோடு நின்றுவிடுகிறது, வினைச்சொல் இல்லை. 'தண்டிக்கப்படுகிறோம்' என்பது மொழிபெயர்த்தவர்கள் நிரப்பியது. மூச்சு முட்டுகிறவன் அப்படித்தானே பேசுவான்? ஆறு வசனம் தள்ளி, இயேசு உயிர்விட்டதும், ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதி அவரை டிகையொஸ் என்கிறான். இரண்டும் ஒரே வேர். நம் பழைய வேதாகமத்திலோ அங்கே 'நியாயப்படி', இங்கே 'நீதிபரன்'. சிறுவயதிலிருந்து லெந்து நாட்களில் வாசித்தும் எனக்கு இது பிடிபடவில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு கிரேக்கம் படிக்கத் தொடங்கியபோதுதான் காதில் விழுந்தது. இரண்டு வசனங்களையும் பென்சிலால் கோடு இழுத்து இணைத்து வைத்திருக்கிறேன்.

வேர்ச்சொல்லான 'டிகே'யை 'நீதி' என்பதோடு கட்டுரை முடித்துவிட்டது. ஹோமரின் ஒடிசி காவியத்தில், இறந்தோர் உலகுக்குப் போன ஒடிசியஸிடம் அவனுடைய இறந்துபோன தாய் 'மனிதரின் டிகே இது' என்கிறாள். அங்கே அதற்கு வழக்கம், இயல்பு என்று பொருள். அப்புறம் ஏதென்ஸில் ஒருவர் இன்னொருவர் மேல் தொடுக்கும் வழக்குக்கும் டிகே என்றே பெயர். 'உலக வழக்கு' என்றும் 'வழக்கு போட்டான்' என்றும் சொல்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே காவியத்தில் ஒடிசியஸின் பன்றிகளை மேய்க்கும் யூமேயஸ், தன் எசமானியைக் கட்டிக்கொள்ள வந்து வீட்டுச் சொத்தைத் தின்று தீர்க்கிறவர்களைப் பற்றி, அவர்களுக்கு டிகையோஸ் பெண் கேட்க மனமில்லை என்று குமுறுகிறான். 'முறையாப் பொண்ணு கேக்கணும்' என்று எங்கள் ஊரில் சொல்வது அச்சு அசலாக அதுதான்.

வரும் ஞாயிறு மலரில் டிகையொஸ், டிகையோஸ் என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை.