உதவியா, கைக்கூலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டு உதவி வறுமையை ஒழிக்காது, எல்லாம் வீண் செலவு என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. பாதி உண்மைதான். அதிபர் மொபுட்டு ஆண்ட ஜயருக்கு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாடுகள் கொட்டிக் கொடுத்தன. மக்கள் ஏழைகளாகவே இருந்தார்கள், அதிபர் செழித்தார். ஆனால் அந்தப் பணம் வறுமையைப் போக்கவா போனது? கூட்டாளியைக் கைக்குள் வைத்திருக்கப் போனது. அதன் தோல்வியை உதவியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

நோய் ஒழிப்பில் நிலைமை வேறு. பல நாடுகள் சேர்ந்து உழைத்ததில் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொசுவலையும் தடுப்பூசியும் போய்ச் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்க்க முடியும்.

சரி, வறுமை? சீனாவில் கோடிக்கணக்கானோர் மீண்டதற்கு விவசாயச் சீர்திருத்தமும் தொழிற்சாலைகளும்தான் பெரிய காரணம். உதவியின் பங்கு சிறியது. தென் கொரியா உதவி வாங்கியது, கல்வியையும் ஏற்றுமதியையும் தானே வளர்த்தது, 2010-ல் உதவி தரும் நாடுகளின் குழுவிலேயே சேர்ந்தது.

எனக்கு எரிச்சல் தருவது, கொடுக்கும் நாட்டின் சரக்கையே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. தானியத்தைக் கடல் தாண்டிக் கப்பலில் அனுப்புவதைவிடப் பக்கத்திலேயே வாங்கினால் பெரும்பாலும் செலவு குறையும், அங்குள்ள விவசாயிக்கும் விலை கிடைக்கும். அப்புறம், தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று 1970-ல் ஐ.நா. வைத்த இலக்கைப் பெரும்பாலான பணக்கார நாடுகள் இன்றுவரை எட்டவில்லை. எந்த நாடு எவ்வளவு தருகிறது, என்ன நிபந்தனையோடு தருகிறது என்று ஒரு அட்டவணை வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்