காலி வீட்டுக் கதை

கண்ணம்மா,

நேற்று போனில் நீ சரியாகவே பேசவில்லை. பேய்க்கதைப் போட்டியில் பரிசு வராதது கூடப் பெரிதில்லை, "எனக்குப் பயமா எழுதவே வராதும்மா" என்று சொன்னாயே, அதுதான் ராத்திரி முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடி போன் போட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் கதையை மூன்று தடவை படித்தேன். 'காலி வீடு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், நீ ஊட்டியில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா, தானாக ஆடும் நாற்காலி, போகாதீங்க என்று தடுக்கும் வாட்ச்மேன் எல்லாம் வைத்து எழுதியிருக்கிறாய். நடை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாதிரி பங்களாவுக்குள் நீ கால் வைத்ததே இல்லை. உனக்கே அதில் பயம் இல்லை, அப்புறம் படிக்கிறவருக்கு எங்கிருந்து வரும்?

நம் ஊர் நூலகத்தில் ஒரு வருஷம் 'கிணறு' என்று தலைப்பு வைத்துப் பேய்க்கதைப் போட்டி நடத்தினோம், உனக்கு ஞாபகம் இருக்காது. வந்த கதைகளில் முக்கால்வாசியில் வெள்ளைச் சேலை கட்டிய பெண்ணொருத்தி கிணற்றிலிருந்து ஏறி வந்தாள். நாங்கள் பரிசு கொடுத்த கதையில் பேயே கிடையாது. பிள்ளை விழுந்து செத்த கிணற்றை அப்பன் மண் போட்டு மூடிவிடுகிறான், ஆனால் கயிற்றைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வரவில்லை, திண்ணை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கயிறு ஈரமாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை. அதை எழுதியவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் சேந்திய ஒரு பாட்டி.

நீ இருக்கிற ஜெனீவாவிலேயே, ஏரிக்கரை மேட்டில் கொலோன்யி என்ற இடத்தில், இந்த மாதிரிப் போட்டிகளுக்கெல்லாம் மூத்த போட்டி ஒன்று நடந்தது. 1816 ஜூன். அதற்கு முந்தின வருஷம் ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அந்தச் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததில் ஐரோப்பாவுக்கு 1816-ல் கோடையே வரவில்லை, ஓயாத மழை. வில்லா டியோடாட்டி என்ற வீட்டில் கவிஞர் பைரன் தங்கியிருந்தார். பக்கத்திலேயே கவிஞர் ஷெல்லியும் அவருடைய காதலி மேரியும். வெளியே போக முடியாமல், ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பைரன் சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள்.

பெரிய கவிஞர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் எழுதிவிட்டுப் போட்டுவிட்டார்கள். மேரிக்கு வயது 18. தினமும் காலையில் "கதை கிடைத்ததா?" என்று கேட்பார்களாம், தினமும் இல்லை என்று சொல்ல அவளுக்கு அவமானமாக இருந்ததாம். பிற்பாடு தன் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலின் 1831 பதிப்பின் முன்னுரையில் அவளே எழுதியிருக்கிறாள். உன்னை மாதிரிதான், கண்ணு.

ஒரு ராத்திரி, செத்த உடம்புக்கு மின்சாரத்தால் உயிர் வருமா என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டுப் படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை, கண்ணை மூடினால் ஒரு காட்சி. தான் உண்டாக்கிய உருவத்துக்கு உயிர் வந்ததைப் பார்த்து ஒரு மாணவன் பயந்து ஓடிப்போய்த் தூங்குகிறான், கண் திறந்தால் அது திரையை விலக்கிக் கட்டில் பக்கத்தில் நின்று அவனையே பார்க்கிறது. அவளே நடுங்கிப்போனாள். அப்புறம்தான், என்னைப் பயமுறுத்தியது மற்றவர்களையும் பயமுறுத்தும் என்று அவளுக்குப் புரிந்தது.

இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதைவிட முக்கியம், முந்தின வருஷம் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தையை அவள் இரண்டு வாரத்துக்குள் பறிகொடுத்தவள் என்பது. குழந்தை சாகவில்லை, குளிர்ந்துதான் போயிருந்தது, நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதாக 1815 மார்ச் டைரியில் எழுதி வைத்திருக்கிறாள். செத்ததை எழுப்பும் கதை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வேறெங்கும் போய்த் தேடமாட்டேன். போட்டி நடந்தபோது அவள் மடியில் வில்லியம் என்று ஐந்து மாதக் கைக்குழந்தை. 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கதையில் அந்த உருவம் முதலில் கொல்வது ஒரு சின்னப் பையனை, அவன் பெயரும் வில்லியம். தன் பிள்ளையின் பெயரையே வைக்க அவளுக்கு எப்படிக் கை வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நீ இரண்டு வயதில் ஜுரத்தில் வெட்டி இழுத்த ராத்திரியை நினைத்துக்கொண்டால் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது.

1818-ல் அந்த நாவலை அவள் பெயர் போடாமல், 500 பிரதிதான் அச்சிட்டார்கள். ஷெல்லி எழுதியது என்றே பலர் நினைத்தார்கள். அந்த வீட்டிலிருந்த இன்னொருவரையும் சொல்லவேண்டும், பைரனின் டாக்டர் போலிடோரி, வயது 20. பைரன் பாதியில் விட்டதை எடுத்து, மனிதரோடு மனிதராக விருந்துகளில் நடமாடும் கனவான் ஒருவனை ரத்தக்காட்டேரியாக்கி எழுதினார். 1819-ல் அது பைரன் பெயரிலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. ரத்தக்காட்டேரிக் கதைகளில் பேர்போன டிராகுலா நாவல் வந்ததோ 1897-ல்தான். பாவம் போலிடோரி, 25 வயதில் இறந்துபோனார். நடுவர் வைத்துப் பரிசு கொடுத்திருந்தால் அன்றைக்கு பைரனுக்குத்தானே கொடுத்திருப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கொலோன்யிக்குப் போய்விட்டு வா. ஜெனீவாவிலேயே பிளான்பலே திடலில் மேரியின் அந்த உருவத்துக்குச் சிலை வைத்திருக்கிறார்களாம், கதையில் வில்லியம் செத்துக் கிடந்த இடம் அதுதான், அதையும் பார்.

அப்புறம், போன மாதம் நீ சொன்னது ஒன்று. ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்ததும் பழக்கத்தில் "அம்மா" என்று கூப்பிட்டுவிடுகிறேன், ஒரு நிமிஷம் பதிலுக்கு நின்றுவிட்டு அப்புறம்தான் லைட் போடுகிறேன் என்றாய். சொல்லிவிட்டு நீ சிரித்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே சமையலறையில் நின்றுகொண்டு, இந்நேரம் அங்கே கதவைத் திறந்திருப்பாள் என்று மணியைப் பார்க்கிறவள் நான்.

உன் காலி வீடு அதுதான். ஒருநாள் உள்ளேயிருந்து பதில் வருகிறது. என்ன பதில் என்பதை என்னிடம் இப்போது சொல்லாதே, எழுதி அனுப்பு.

அம்மா